தெற்குப் படியின் கீழே ஒரு சுவர்

ஒரகடம்,
15-2-82

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி ராஜாமணி வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் குவைத் போய்ச் சேர்ந்த விவரம் எழுதிய கடிதம் கிடைத்தது. இங்கே நானும் அத்தையும் சுகம். அங்கே பிப்ரவரியிலேயே மணல் பறக்கிறது என்று எழுதிவிட்டீர்கள். அதைப் படித்துக் காட்டிய நாளிலிருந்து உங்கள் அம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கிறார். இனிமேல் இந்த மாதிரி சமாசாரங்களைத் தனித் தாளில் எனக்கு எழுதுங்கள்.

உங்கள் தங்கை கிளியம்மாளை வளைகாப்பு முடித்து வாலாஜாபாத்திலிருந்து அழைத்து வந்துவிட்டோம். ஏழு மாதம். மாங்காயைத் தவிர வேறு எதுவும் உள்ளே இறங்கமாட்டேன் என்கிறது. தலைப்பிரசவம் நமது புது ஆஸ்பத்திரியில்தான் என்று அத்தை முடிவு கட்டிவிட்டார். "என் புள்ள கட்டுன ஆஸ்பத்திரி" என்று தெருவில் யாரைப் பார்த்தாலும் ஒரு முறை சொல்லாமல் விடுவதில்லை.

போன புதன்கிழமை கிளியைக் காட்டுவதற்காக அங்கே போனோம். ஆஸ்பத்திரி முதலாளியின் டிரஸ்ட் கட்டியது என்று வாசலில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும். காண்ட்ராக்டர் கம்பெனியின் தீ இன்ஸ்பெக்டராக மூன்று வருஷம் வாலாஜாபாத் சாலை வெயிலில் நின்றது யார் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் கூட்டம். கிளியைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உங்கள் வேலையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று மாடிக்கு ஏறினேன். பிரசவ வார்டு, இருபது கட்டில், வெள்ளை விரிப்பு, பார்க்கவே அழகாக இருந்தது. கடைசிக் கட்டிலைத் தாண்டி, நீங்கள் அட்டை வெட்டி வைத்துச் சிவப்புப் பெயிண்டில் போட்ட "அவசர வழி"யும் அம்புக்குறியும் பளிச்சென்று இருந்தன. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அந்தப் பின்பக்கப் படிக்கட்டுக்காக நீங்கள் போட்ட சண்டை கொஞ்சமா நஞ்சமா. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது என்று ஒரு நாள் முழுக்க வேலையை நிறுத்தி, கழற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி மாட்ட வைத்தீர்கள். சாப்பிட உட்கார்ந்தாலும் அதே பேச்சு. முன்பக்கப் படிக்குக் கீழே ஜெனரேட்டரும் டீசல் பீப்பாயும் இருக்கின்றன, அங்கே தீப்பிடித்தால் புகை முதலில் ஏறுவது அந்தப் படியில்தான், பிள்ளை பெற்றுப் படுத்திருப்பவள் ஓடமாட்டாள், அவளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேறு ஒரு வழி இருந்தே ஆக வேண்டும் என்று என் தட்டுச் சோற்றில் பாத்தி கட்டிக் காட்டினீர்களே. ரசம் ஊற்ற விடவில்லை நீங்கள்.

அந்த அம்பைப் பார்த்துக்கொண்டு இறங்கினேன். பாதிப் படியில் திரும்பியதும் இருட்டு. பகல் பதினொரு மணிக்கு அப்படி ஒரு இருட்டு. கையை முன்னால் நீட்டிக்கொண்டு இன்னும் எட்டுப் படி இறங்கினேன். கை இடித்தது. கதவு இருக்க வேண்டிய இடத்தில் சுவர், மாமா. தடவிப் பார்த்தேன். பூச்சுவேலையும் முடித்திருக்கிறார்கள், ஈரம் கூடக் காயவில்லை. அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை, மேலே ஓடி வந்துவிட்டேன்.

வார்டு ஆயா பாப்பம்மாளிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "தெக்கால வாசல் வெச்ச ஆஸ்பத்திரிக்குப் புள்ள பெக்க எவம்மா வருவா? எமன் வர்ற தெசையாச்சே" என்றாள். திறப்பு விழாவுக்கு முன்பே ஊருக்குள் இந்தப் பேச்சு கிளம்பிவிட்டதாம். முதலாளியின் அம்மா காதுக்குப் போய், அடைத்தால்தான் ஆச்சு என்று அவர் சொல்லிவிட்டாராம்.

நீங்கள் விமானம் ஏறுகிற வரை காத்திருந்து செய்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும், கையில் இருப்பதை வீசி எறிந்துவிடாதீர்கள். இன்றைக்கே உட்கார்ந்து கம்பெனிக்கும் ஆஸ்பத்திரி மேனேஜர் திருநாராயணன் அவர்களுக்கும் எழுதுங்கள். நீங்கள் எழுதினால் அவர்கள் இடித்துத்தான் ஆக வேண்டும். வீட்டில் சொன்னேன். அத்தை, அடைத்தது நல்லதுதான் என்கிறார். கிளி அங்கேதான் படுக்கப்போகிறாள் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

உங்கள்
ராஜாமணி


ஒரகடம்,
14-3-82

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள் கை கால் கூடக் கழுவாமல் பிரித்தேன். நாலு பக்கம். முதல் இரண்டு பக்கம் கேம்ப், சாப்பாடு, கூட இருக்கிற மலையாளத்துக்காரர்கள். மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் அந்த வரி. "ராஜி, அந்தச் சுவர் விஷயம் எனக்குத் தெரியும்."

நான்கு தடவை படித்தேன். அடைக்காமல் கட்டடத்தைக் கையில் வாங்கமாட்டேன் என்று முதலாளியின் அம்மா பிடிவாதம் பிடித்ததாகவும், கட்டடம் கைமாறாமல் கம்பெனி உங்களுக்கு வேலை முடித்த சர்டிபிகேட் தராது என்றும், அது இல்லாமல் குவைத் ஆஸ்பத்திரி வேலை இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். திறப்பு விழாவிலிருந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் மட்டும் அடைப்பது, ஒற்றைச் செங்கல், மண் சாந்து, எட்டி உதைத்தால் விழுந்துவிடும், பங்குனியில் அவர்களே எடுத்துவிடுவார்கள், மேனேஜர் வாக்குக் கொடுத்திருக்கிறார். எல்லாம் சரி. எதையாவது கிளறி வைக்காதே, வாயைத் திறக்காதே என்று எனக்குப் புத்தி வேறு.

ஏன் மாமா, மண்டலம் முடிகிற வரை தீப்பிடிக்காது என்று நெருப்பிடமும் வாக்கு வாங்கினீர்களா? இதை நான் கேட்கவில்லை. நீங்கள் மற்றவர்களைக் கேட்பீர்கள், இப்படித்தான். பட்டாபிராமில் அந்த கோடவுன்காரர் ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு இதையேதான் கேட்டுவிட்டு, அந்த வேலையை உதறிவிட்டு வந்தீர்கள். மூன்று மாதம் கஞ்சி குடித்தோம். நான் ஒரு வார்த்தை சொன்னேனா?

இன்னொன்றும் உறுத்துகிறது. அந்தக் கடைசி ரிப்போர்ட்டை டைப் அடித்தது நான். ஸ்ரீபெரும்புதூர் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து முடித்துவிட்டு, உங்கள் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அடித்தவள் நான்தானே. நீங்கள் பெட்டியில் சட்டை அடுக்கிக்கொண்டே சொன்னீர்கள், நான் சுருக்கெழுத்தில் எடுத்துக்கொண்டேன். "மாடியிலிருந்து இறங்கும் இரு வழிகளும் தடையின்றித் திறந்துள்ளன" என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னீர்கள். பயணத்தை நினைத்துக்கொண்டு நிறுத்தினீர்கள் என்று இருந்துவிட்டேன். அப்போதே செங்கல் வந்து இறங்கிவிட்டதா மாமா?

வாயைத் திறக்காதே என்றீர்கள். திறந்துவிட்டேன். நேற்று மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். மரியாதையாக நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, பீரோவிலிருந்து அதே ரிப்போர்ட்டை எடுத்து என் முன்னால் வைத்தார். "உங்க வீட்டுக்காரரே சரின்னு கையெழுத்துப் போட்டிருக்காரேம்மா. அவரை விட உங்களுக்குத் தெரியுமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். நான் அடித்த எழுத்து, உங்கள் கையெழுத்து. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வருகிற வழியில் மேஸ்திரி பாண்டுரங்கனைப் பார்த்தேன். சுவர் வைத்தவர் அவர்தான். மண் சாந்து ஒற்றைச் செங்கல் என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போனது உண்மைதான் என்றார். நீங்கள் போன பிறகு, மழைக்கு ஊறி விழுந்தால் அபசகுனம் என்று மேலிடத்தில் சொல்லி, ஒன்பதங்குலச் சுவராக சிமெண்டில் வைக்கச் சொன்னார்களாம். கதவையும் கழற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். எட்டி உதைத்தால் காலுக்குத்தான் கேடு.

பங்குனி பத்தாம் தேதிவாக்கில் மண்டலம் முடிகிறது. அதற்குள் அவருக்கு ஞாபகப்படுத்தி எழுதுங்கள். உங்களை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் எழுதுகிறேன், மறைப்பதற்கில்லை. கிளிக்கு இதெல்லாம் தெரியாது. அண்ணன் எப்போது வரும் என்று கேட்டு எழுதச் சொன்னாள்.

ராஜாமணி


ஒரகடம்,
20-4-82

அன்புள்ள மாமாவுக்கு,

மாத்தூர்க்காரர் மூலம் கொடுத்தனுப்பிய நைலக்ஸ் சேலை வந்தது. நல்ல நிறம். மடிப்புக்குள் கடிதம் இருக்கிறதா என்று உதறி உதறிப் பார்த்தேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லாமல் சேலை மட்டும் வந்தால் நான் என்ன அர்த்தம் பண்ணிக்கொள்வது?

மண்டலம் முடிந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. சுவர் அப்படியே இருக்கிறது. இனி இடிக்கவும் மாட்டார்கள். ஏன் என்று சொல்கிறேன், சிரிக்காமல் படியுங்கள். திறந்த நாளிலிருந்து அங்கே நாற்பது பிரசவம் ஆகியிருக்கிறது. ஒரு தாயும் போகவில்லை, ஒரு பிள்ளையும் போகவில்லை. டாக்டரம்மா ராத்திரி பகல் பார்க்காமல் நிற்கிறார், அதைப் பற்றி யாரும் பேசவில்லை. எமன் வழியை அடைத்ததால்தான் என்று ஊரெல்லாம் பேச்சு. பிரசவம் ஆன ஒருத்தி வீட்டுக்குப் போகிறபோது அந்தப் படியில் இறங்கிச் சுவரில் மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருக்கிறாள். அடுத்தவள் பூ வைத்தாள். இப்போது அதற்குப் பெயரே வந்துவிட்டது. செவுத்தம்மா.

நான் போய்ப் பார்த்தேன். நீங்கள் வைத்த வாசலில் மூன்று விரல் கனத்துக்கு மஞ்சள். கீழே அகல் விளக்கு, கற்பூரத் தட்டு. அந்தப் படிக்கட்டு எப்படியும் உபயோகமில்லை என்று கடைசிப் படிகளுக்குப் பக்கத்தில் பழைய பஞ்சு மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். தேங்காய்நார்த் தலையணை, கிழிந்த திரை, அட்டைப்பெட்டி எல்லாம் அங்கேதான். அவற்றுக்கு ஒரு முழம் தள்ளி விளக்கு எரிகிறது. மேலே வார்டில் உங்கள் சிவப்பு அம்பு அதே பக்கம் காட்டிக்கொண்டு இருக்கிறது. அதையாவது அழியுங்கள் என்று பாப்பம்மாளிடம் சொன்னேன். அதுதான் செவுத்தம்மாவுக்கு வழி காட்டுகிறது, அழிக்கக் கூடாது என்கிறாள்.

இன்னும் கேளுங்கள். வெள்ளி செவ்வாய் தவறாமல் அங்கே போய் விளக்கேற்றுவது யார் தெரியுமா? உங்கள் அம்மா. கிளிக்கு நல்லபடி ஆக வேண்டும் என்று வேண்டுதல். இரண்டு மைல் நடந்து போகிறார். நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். நெருப்பைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம், நான் அடுப்பு ஊதியே நாலு பிள்ளை வளர்த்தவள் என்றார். உன் புருஷன் சரி என்று எழுதிக்கொடுத்த இடம்தானே என்றும் கேட்டார். நீங்கள் அங்கே நல்ல பிள்ளை, நான் இங்கே வாயாடி.

கிளியைக் காஞ்சிபுரம் கொண்டுபோகலாம் என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் கேட்கவில்லை. பக்கத்தில் இருப்பதை விட்டு எதற்கு என்கிறார்கள். குழந்தை திரும்பவில்லை, ஆபரேஷன் ஆனாலும் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வயிற்றைக் கிழித்துத் தையல் போட்டால் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்க முடியாது. மாடியில், பத்து நாள். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாமா, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். லைசென்ஸ் கொடுத்த ஆபீசுக்கு ஒரு வரி எழுதுங்கள். நான் கொடுத்த ரிப்போர்ட் இப்போது பொருந்தாது, பின்வழி அடைபட்டிருக்கிறது, திறக்கிற வரை மாடியில் யாரையும் படுக்க வைக்காதீர்கள் என்று. தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று கூட எழுத வேண்டாம். பாண்டுரங்கன் அரை நாளில் இடித்துவிடுவேன் என்கிறார், ஆனால் அவருக்கு மேலிடத்து உத்தரவு வேண்டும். ஊரில் யார் சொன்னாலும் அந்த ரிப்போர்ட்டை எடுத்துத்தான் காட்டுகிறார்கள். உங்கள் பேச்சை உங்கள் பேச்சால்தான் வெட்ட முடியும். வேறு யாராலும் முடியவில்லை. நான் பார்த்துவிட்டேன்.

பதிலை எதிர்பார்த்து,
ராஜாமணி


ஒரகடம்,
4-5-82

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை நம் தெரு பாபு கையில் கொடுத்து அனுப்புகிறேன். லீவு முடிந்து நாளைக்கு மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகிறான். நேராக உங்கள் கேம்புக்கு வந்து கொடுக்க வேண்டும் என்று அவன் அம்மா முன்னால் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவன் இருக்கும்போதே படித்துவிடுங்கள். இன்னொரு கடிதம் ரிஜிஸ்டர் தபாலில் உங்களுக்கு வரப்போகிறது. அதற்கு முன் இது உங்கள் கைக்கு வந்தாக வேண்டும்.

கிளிக்குச் சென்ற செவ்வாய்க்கிழமை, ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன்தான். தாயும் குழந்தையும் பிழைத்துக் கிடக்கிறார்கள். இதைச் சந்தோஷமாக எழுத எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அத்தை வழக்கம் போலக் கீழே விளக்கேற்றிக் கற்பூரம் காட்டிவிட்டு மேலே வந்து கிளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கஞ்சி வாங்கி வருகிறேன் என்று முன்படியில் இறங்கிப் போயிருக்கிறார். அதற்குள் பின்படியிலிருந்து புகை வந்திருக்கிறது. கீழே வழியில்லாததால் அந்தப் படிக்கட்டு முழுவதும் புகைபோக்கி ஆகி, அத்தனையும் வார்டுக்குள் வந்து கொட்டியது. பஞ்சு மெத்தை, மாமா. தீயை விடப் புகைதான் கொல்லும் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம்.

சமையல்காரரும் வாட்ச்மேனும் தண்ணீரும் மணலும் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். எங்கே ஓடினார்கள் தெரியுமா? நீங்கள் பழக்கிவிட்டபடி வெளியே சுற்றிக்கொண்டு தெற்கு வாசலுக்கு. சிவப்பு வாளிகள் அங்கேதானே மாட்டியிருக்கின்றன. போய்ப் பார்த்தால் சுவர். உள்ளே எரிகிற சத்தம் கேட்கிறதாம், ஒன்றும் செய்ய முடியாமல் சுவரில் தண்ணீரை வீசினார்களாம். மேலேயிருந்து பாப்பம்மாள்தான் நனைத்த போர்வையோடு இறங்கி மெத்தைகளை இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறாள். இரண்டு கையும் முழங்கை வரை வெந்துவிட்டது. செங்கல்பட்டில் படுத்திருக்கிறாள். இனி அந்தக் கைகளால் பிள்ளை தூக்க முடியுமா என்று தெரியவில்லை.

நடக்க முடிந்தவர்கள் எல்லாம் முன்படியில் விழுந்து எழுந்து இறங்கினார்கள். கிளிக்கு மூன்று நாள் தையல். எழுந்திருக்கப் பார்த்து முடியாமல், பக்கத்தில் ஓடிய யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டு, "யக்கா, இத்த மட்டும் தூக்கினு போ" என்று குழந்தையைக் கொடுத்துவிட்டுப் படுத்துக்கொண்டாளாம். அந்தப் பெண் யார் என்று அவளுக்குத் தெரியாது. இன்ஸ்டிடியூட்டுக்கு ஆள் வந்து நான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. அத்தை கஞ்சித் தூக்கோடு முற்றத்தில் ஒவ்வொருத்தியின் மடியாகக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரம் கழித்து சாலைக்கு அந்தப்புறம் புளியமரத்தடியில், வல்லத்துக்காரப் பெண் ஒருத்தி தன் பிள்ளையை ஒரு பக்கமும் நம் பிள்ளையை ஒரு பக்கமுமாகப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம்.

யாரும் சாகவில்லை. அதுதான் இப்போது வம்பாகிவிட்டது. செவுத்தம்மா காப்பாற்றிவிட்டாள் என்கிறார்கள். கரியைக் கழுவி மறுபடியும் மஞ்சள் பூசியாகிவிட்டது. மெத்தைகளை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினார்களாம். ஒன்றும் ஆகவில்லையேம்மா என்று மேனேஜர் சொன்னார். இதே தீ முன்பக்கம் ஜெனரேட்டர் அறையில் பிடித்திருந்தால் அந்த இருபது பேரும் எந்த வழியாக இறங்கியிருப்பார்கள் என்று கேட்டேன். அவர் பீரோவைப் பார்த்தார். ரிப்போர்ட் உள்ளே பத்திரமாக இருக்கிறது.

சனிக்கிழமை இன்ஸ்டிடியூட் சாவியை வாங்கிக்கொண்டு போய், உங்கள் பெயர் அச்சடித்த தாளில் ஒரு ரிப்போர்ட் அடித்தேன். லைசென்ஸ் ஆபீசுக்கு முகவரி. நான் முன்பு கொடுத்த ரிப்போர்ட் தவறு, தெற்கு வழி அடைக்கப்படப் போவதை அறிந்தே கையெழுத்திட்டேன், அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், வாசலைத் திறக்கிற வரை மாடி வார்டை மூட வேண்டும் என்று. உங்கள் வாக்கியம் எப்படி ஓடும் என்று எனக்குத் தெரியும். ஒரு பிழை இல்லை. கீழே கையெழுத்துக்கு இடம் விட்டு வீட்டுக்கு எடுத்து வந்தேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே தவிர, போடத் துணிவு வரவில்லை.

வெள்ளிக்கிழமையிலிருந்து அத்தை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். தமிழில் படித்துச் சொன்னேன். தெரிந்தே கையெழுத்திட்டேன் என்ற இடத்தில், நெசமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். நீங்கள் வெளியில் சொல்லாதே என்று எழுதியதை எல்லாம் அதுவரைக்கும் நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். "போடு. அவன் தப்பு, ஏத்தி வெச்சது என் கை. அவன பெத்தவ நான் சொல்றேன், அவன் கையெழுத்த போடு."

போட்டுவிட்டேன் மாமா. நேற்று திங்கட்கிழமை காஞ்சிபுரம் போய் ஆபீசில் நேரில் கொடுத்தேன். அந்த அதிகாரி படித்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, குவைத்திலிருந்து வந்ததா, கவர் எங்கே என்று கேட்டார். ஆள் மூலம் வந்தது என்றேன். நம்பவில்லை, ஆனாலும் கெட்ட மனிதர் இல்லை. "இது அவர் கையெழுத்துதான்னு அவர் வாயால வரட்டும்மா, அன்னிக்கே வார்டைப் பூட்டறேன். இல்லைன்னு வந்தா எனக்கு வேற வழி இல்லை, போலீசுக்குத்தான் அனுப்பணும்" என்றார். அதைக் கேட்டுத்தான் அவர் உங்களுக்கு ரிஜிஸ்டர் தபால் அனுப்புகிறார்.

ஆமாம் என்று நீங்கள் சொன்னால் அங்கே வேலை போகும். இங்கேயும் இனி எந்தக் கம்பெனியும் உங்களைக் கிட்டே சேர்க்காது. அவ்வளவும் யோசித்துத்தான் செய்தேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பின்னால் நான் அழ மாட்டேன். கஞ்சி குடித்த மூன்று மாதத்தில் நாம் ஒரு நாளாவது சிரிக்காமல் படுத்தோமா, சொல்லுங்கள்.

கிளி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடுவாள். நம் பிள்ளைதான் வந்துவிட்டாளே, இனி நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். அந்தக் கட்டில் அன்று சாயங்காலமே நிரம்பிவிடும். எட்டாம் மாதத்தில் இருக்கிற ஒருத்தி நேற்றுப் பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருக்கிறாளாம், ராசியான இடமாம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

குழந்தையைப் பார்க்க வருகிறவர்கள் எல்லாம் தாய்மாமன் என்ன சீர் அனுப்பப் போகிறார் என்று கேட்கிறார்கள். குவைத் மாமனாச்சே, காப்பும் கொலுசும் தங்கத்திலேயே வரும் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். கிளி ஒன்றும் கேட்கவில்லை. குழந்தையை யாரிடமும் கொடுக்காமல் மார்பிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள், என்னிடம் கூடக் கொடுப்பதில்லை. காப்பு வேண்டாம் மாமா, கொலுசு வேண்டாம். இந்தப் பெண்ணுக்குத் தாய்மாமன் சீராக ஒரு தந்தி அடியுங்கள். கையெழுத்து என்னுடையதுதான் என்று இரண்டு வார்த்தை போதும்.

நீங்கள் இல்லை என்று எழுதினாலும் நான் உங்களைக் காட்டிக்கொடுக்க மாட்டேன். போட்டவள் நான்தான் என்று சொல்லிவிட்டுப் போலீசு கூப்பிடுகிற இடத்துக்குப் போய்விடுவேன். ஒரே ஒரு கஷ்டம்தான். உங்களிடமிருந்து எது வந்தாலும் அதைப் படித்துக் காட்டச் சொல்லி அத்தை என்னிடம்தான் கொண்டுவருவார். நேற்றிலிருந்து தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறார்.

எங்கே இருந்தாலும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள்
ராஜாமணி